பேரனும் நானும் ஒரு படப் புத்தகமும்

டோம்பிவிலியில் லோக்கல் ரயில் ஏறினால் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மூன்று மொழிகளில் அறிவிப்பு வரும் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. "புடீல் ஸ்டேஷன் திவா, அக்லா ஸ்டேஷன் திவா, நெக்ஸ்ட் ஸ்டேஷன் திவா." என் பேரன் மூன்று வயதில் இதைத் தாணே வரை ஒரு பிசகும் இல்லாமல் சொல்வான். அந்த அம்மாளின் குரலில் உள்ள ஏற்ற இறக்கம்கூட அப்படியே வரும். கேட்பவர்கள் அசந்து போவார்கள். ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்கத் தெரியாது. ஃபில்டர் முன்னால் போய் நின்று அழுவான். சில சமயம் "தண்ணி வேணுமா?" என்று நம்மையே கேட்பான். நாங்களும் "எனக்கு வேண்டாம் கண்ணா" என்று பதில் சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்ப்போம். அவன் கேட்டது தனக்குத்தான் என்று புரிய எங்களுக்கு வெகு நாள் ஆயிற்று.

2022-ல் அவனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர்கள் உறுதி செய்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டாமல் நம் கையைப் பிடித்து இழுத்துப் போவது, சுழலும் ஃபேனை மணிக்கணக்கில் பார்ப்பது எல்லாவற்றுக்கும் அன்றைக்கு ஒரே காரணம் கிடைத்தது. காரணம் தெரிந்ததில் ஒரு நிம்மதி, அடுத்து என்ன என்று தெரியாததில் ஒரு கலக்கம்.

அப்போது நாங்கள் போன ஓர் இடத்தில் ஓர் ஆலோசனை சொன்னார்கள். "வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, கீழ் வீட்டில் மராட்டி, பள்ளியில் ஆங்கிலம். பிள்ளை குழம்பிப் போயிருக்கிறான். இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்றார்கள். படித்தவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேச நமக்கு என்ன தெரியும்? மகனும் மருமகளும் அன்றிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறினார்கள். நான் ரயில்வேயில் பேசிய ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்தேன். என் மனைவிக்கு அது முடியவில்லை. "கம் கண்ணா, ஈட் கண்ணா" என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தாள். பிறகு பேரனிடம் பேசுவதையே விட்டுவிட்டாள். தூங்கவைக்கும்போது தாலாட்டுக்கூட இல்லை. வெறும் தட்டல் மட்டும். ஏழு மாதம் எங்கள் வீடு இப்படி இருந்தது. பேசாதவர் ஒருவர் இருந்த வீட்டில் பேசாதவர் இருவர் ஆனார்கள்.

இந்தக் கட்டுரையை எழுத அதுவே முதல் காரணம். நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு இந்த ஆலோசனை இன்றும் சொல்லப்படுகிறது.

ஒரு விளக்கம்

1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் குழந்தைகளின் ஆட்டிசம் ஒரு தனி நிலையாக அறியப்பட்டது. தமிழ்ப் பத்திரிகைகளில் 'மன இறுக்கம்' என்று எழுதினார்கள். ஏதோ கவலையால், டென்ஷனால் வருவது போன்ற எண்ணத்தை அந்தச் சொல் தருகிறது. அது சரியல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு இது. தாயின் பாசக் குறைவால் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு நிபுணர்கள் சிலர் சொன்னார்கள். அந்தக் கொள்கை எப்போதோ தள்ளப்பட்டுவிட்டது. இருந்தும் நம் கூட்டங்களில் "அம்மா வேலைக்குப் போகிறாள், அதனால்தான்" என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். என் மருமகள் காதிலேயே அது விழுந்திருக்கிறது. தயவுசெய்து இனி யாரும் அப்படிச் சொல்லாதீர்கள்.

ஒரு குழந்தையைப் போல் இன்னொரு குழந்தை இருக்காது. சிலர் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் உரையாடத் தெரியாது. சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் மூன்று நான்கு வயதிலேயே போர்டுகளை எழுத்துக்கூட்டாமல் படிப்பார்கள், ஆனால் படித்ததன் பொருள் கேட்டால் தெரியாது. ஆகவே ஒருவருக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் செய்த தவறு

ஆங்கிலம் மட்டும் என்று ஆனபின் படப் புத்தகங்கள் வாங்கி வந்து நானே பேரனுக்குப் படிக்கத் தொடங்கினேன். முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை, பிளாட்பாரம் அறிவிப்பு மாதிரி ஒரே மூச்சில் படிப்பேன். அவன் இரண்டாவது பக்கத்தில் எழுந்து போய்விடுவான். சரி, கேள்வி கேட்டால் கவனிப்பான் என்று நினைத்து, "வாட் இஸ் திஸ்? வாட் கலர்? ஹவ் மெனி?" என்று அடுக்கினேன். சிக்னல் பிரிவில் இன்ஸ்பெக்ஷன் போய்ப் பழகியவன் அல்லவா! ஒரு நாள் அவன் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டு, என் வாயைத் தன் கையால் பொத்தினான். அதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் கருத்துச் சொல்ல முடியாது.

பிறகு வேறு ஓர் இடத்தில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு மராட்டிப் பெண்மணியிடம் போனோம். அவர் நான் படிப்பதை ஐந்து நிமிடம் பார்த்தார். "ஆஜோபா, நீங்கள் புத்தகத்தைப் படிக்கிறீர்கள். அதை விடுங்கள். புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு அவனோடு பேசுங்கள்" என்றார். "எந்த மொழியில்?" என்று கேட்டேன். "நீங்கள் எந்த மொழியில் கோபப்படுவீர்கள், எந்த மொழியில் சிரிப்பீர்கள்? அதில்தான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கல்யாண் ஸ்டேஷன் படிக்கட்டில், "பாத்து ஏறு கண்ணா, பாத்து" என்று ஏழு மாதத்துக்குப் பிறகு பேரனிடம் தமிழில் பேசினாள்.

பேசிக்கொண்டே படிப்பது

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1988-ல் அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்குப் படப் புத்தகம் படிக்கும் விதத்தில் பயிற்சி கொடுத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். எல்லாப் பெற்றோரும் படித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் மட்டும் படிக்கும்போது குழந்தையைப் பேசவைத்தார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால், பேசவைக்கப்பட்ட குழந்தைகள் பேச்சில் முந்தியிருந்தார்கள். உரையாடல் வாசிப்பு என்று இதைத் தமிழில் சொல்லலாம். அந்தக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் கிடையாது. பிற்பாடு ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஏற்றபடி கெல்லி வேலன் முதலிய ஆய்வாளர்கள் இதைச் சற்று மாற்றினார்கள். படத்தைச் சுட்டிக்காட்டுவது, பதிலுக்குப் பட அட்டைகளைக் கொடுப்பது, உதவியைப் படிப்படியாகக் கூட்டுவது போன்றவற்றைச் சேர்த்தார்கள். அந்த ஆய்வுகள் மிகச் சில குழந்தைகளை வைத்தே நடந்தவை. ஆனாலும் குழந்தைகள் பதில் சொல்வதும் கவனிப்பதும் கூடியதாகக் கண்டார்கள்.

முறை எளியது, நான்கு படிகள். முதலில் குழந்தையைப் பேசத் தூண்ட வேண்டும். அவன் தரும் பதிலை, அது ஒரு பார்வையாக இருந்தாலும், ஏற்க வேண்டும். பிறகு அதனோடு ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ கூட்டிச் சொல்ல வேண்டும். கடைசியாக அதை அவன் திரும்பச் சொல்ல ஒரு வாய்ப்புத் தர வேண்டும். உதாரணமாக, பேரன் நாயின் படத்தில் விரல் வைக்கிறான். நான் "நாய்" என்கிறேன். அவன் "நாய்" என்றால், "ஆமாம், கறுப்பு நாய்" என்கிறேன். அவன் "கறுப்பு நாய்" என்றால், "கறுப்பு நாய் ஓடுது". அவ்வளவுதான். அவன் ஒரு சொல்லில் இருந்தால் நாம் இரண்டில், அவன் இரண்டில் இருந்தால் நாம் மூன்றில். பத்துச் சொல் வாக்கியத்தால் பயன் இல்லை.

தூண்டுவதிலும் வகை உண்டு. மிகச் சுலபமானது பாதியில் நிறுத்துவது. "குக்கர் போட்டது மூணு..." என்று நிறுத்தினால் "விசில்" என்று அவன் முடிப்பான். தெரிந்த கதையில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பது அடுத்தது. யார், எங்கே, என்ன என்பவை அதற்கும் மேலே. ஏன், எப்படி என்பவை இன்னும் கடினம். பெரிய படம் ஒன்றைக் காட்டி, "இங்கே என்னவெல்லாம் நடக்குது?" என்று பொதுவாகக் கேட்பது ஒன்று. புத்தகத்தில் உள்ளதை வீட்டோடு சேர்ப்பது மற்றொன்று: "இந்தப் பாட்டி தோசை வாக்கிறாங்க. நம்ம வீட்ல யாரு வாப்பாங்க?" ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முதல் வகையிலேயே பல மாதம் ஓடலாம். அவசரம் கூடாது.

இன்னொன்று. ஒரு கேள்வி கேட்டால் மூன்று நான்கு முறை சும்மா சொல்ல வேண்டும். "அட, மழை பெய்யுது. குடை பறந்துபோச்சே!" என்று நாம் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனால் பிள்ளைக்குப் பரீட்சை பயம் போய்விடும்.

லைன் கிளியர்

இந்த விஷயத்தில் என் உத்தியோகம் எனக்குக் கை கொடுத்தது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர் கேட்பார். பதில் வராமல் வண்டியை விட முடியாது. பதில் வருவதற்குள் திரும்பத் திரும்பக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். முப்பத்தெட்டு வருஷம் அந்த ஒழுங்கோடு வேலை பார்த்தவன் பேரனிடம் அதைக் கடைப்பிடிக்கவில்லை.

ஒரு நோட்டில் குறிப்பு எழுதத் தொடங்கினேன். தேதி, எந்தப் பக்கம், என்ன சொன்னேன், எத்தனை விநாடி காத்திருந்தேன், அவன் என்ன செய்தான் என்று ஐந்து கட்டம். மூன்று வாரக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. அவனுடைய பதில் பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு விநாடிக்குள் வருகிறது. நாங்களோ மூன்று விநாடியில் கேள்வியை மறுபடி கேட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கிறது. அதன்பின் கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுவது வழக்கமாயிற்று. பத்து விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். பத்துக்கும் பதில் இல்லையென்றால் பாதிச் சொல்லை எடுத்துக் கொடுப்பேன். அதற்கும் இல்லையென்றால் நானே சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போவேன். கட்டாயப்படுத்துவதில்லை. கண்ணைப் பார்த்துப் பேசு என்று முகத்தைத் திருப்புவதும் இல்லை. இருவரும் ஒரே படத்தைப் பார்த்தால் போதும்.

எந்தப் புத்தகம்?

முதல் புத்தகத்தை நானே செய்தேன். ஒரு பழைய ஃபைலில் டோம்பிவிலி, கோபர், திவா, மும்ப்ரா, கல்வா, தாணே என்று ஆறு ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளின் போட்டோக்களை ஒட்டினேன். பேரன் அதை விடவே இல்லை. "புடீல் ஸ்டேஷன்..." என்று நான் நிறுத்துவேன், அவன் முடிப்பான். அடுத்த வாரம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓர் ஆளை ஒட்டினேன். கோபரில் அப்பா, திவாவில் அம்மா, தாணேயில் பாட்டி. "திவாவில் யார் ஏறினாங்க?" அறிவிப்பை ஒப்பித்த பிள்ளை அப்படித்தான் ஒரு நாள் "அம்மா ஏறினாங்க" என்றான். முன்னெல்லாம் இப்படித் திரும்பத் திரும்ப ஒப்பிப்பதை நிறுத்தவேண்டிய கெட்ட பழக்கமாகக் கருதினார்கள். 1980-களில் பேரி பிரிசான்ட் போன்றவர்கள் அதைக் கவனித்துப் பார்த்து, அந்தப் பேச்சுக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது என்று காட்டினார்கள். எங்கள் வீட்டுத் "தண்ணி வேணுமா?"வும் அந்த வகைதான். இப்போது அவன் அப்படிக் கேட்டால், "தண்ணி வேணும்" என்று அவன் சொல்ல வேண்டிய விதத்தில் சொல்லிவிட்டுத் தம்ளரைக் கொடுக்கிறோம்.

கடைப் புத்தகங்களில் ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஓரிரு வரி, திரும்பத் திரும்ப வரும் சொற்கள் உள்ளவை நல்லது. சென்னை தூலிகா பதிப்பகம் 1996 முதல் குழந்தைகள் புத்தகம் போடுகிறது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ள புத்தகங்கள் அவர்களிடம் உண்டு. பாட்டி தமிழையும் அம்மா ஆங்கிலத்தையும் படிக்க இவை தோது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள் விலை குறைவு. அவற்றிலும் தமிழ் உண்டு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகளைப் படங்களோடு இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நான் அவற்றைக் கலரில் பிரிண்ட் எடுத்து, பக்கங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுவேன். கிழியாது, எச்சில் பட்டாலும் துடைக்கலாம். ஒரே புத்தகத்தை அவன் நூறு முறை கேட்டாலும் சலிக்காமல் படியுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிவதுதான் இந்தக் குழந்தைகளுக்குத் தெம்பு.

பேச்சு வராத பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சொல்வதற்குப் பதில் பட அட்டையை எடுத்துக் கொடுக்கலாம், விரல் வைக்கலாம். அட்டை பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. எங்கள் பேரன் இன்றும் பள்ளியில் அட்டை வைத்திருக்கிறான்; பேசவும் செய்கிறான்.

தமிழா, ஆங்கிலமா?

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 2012-ல் கனடாவின் மாண்ட்ரியலில் ஹாம்ப்ளி, ஃபோம்போன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு அவற்றில் ஒன்று. இருமொழி வீட்டுக் குழந்தைகளும் ஒருமொழி வீட்டுக் குழந்தைகளும் பேச்சில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். யோசித்தால் இது நமக்கே விளங்கும். மூன்று மொழியில் ஸ்டேஷன் பெயர் சொன்ன பிள்ளையையா மொழிகள் குழப்பின? வீட்டார் தடுமாறிப் பேசும் மொழியில் பேச்சும் குறையும், பாட்டும் குறையும், பரிகாசமும் குறையும். எங்கள் பேரனுக்கு ஏழு மாதத்தில் அந்த நஷ்டம்தான் ஏற்பட்டது. அதை எங்கள் சம்மதத்தோடுதான் செய்தோம் என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

என்ன பலன்?

அவனுக்கு இப்போது ஏழு வயது ஆகப்போகிறது. மற்றப் பிள்ளைகளைப் போல் பேசுகிறானா என்றால் இல்லை. மூன்று, நான்கு சொல் வாக்கியம் வருகிறது. புது ஆளைப் பார்த்தால் அதுவும் நின்றுவிடும். பேச்சுப் பயிற்சி, பள்ளியில் தனி உதவி எல்லாம் நடக்கின்றன. படப் புத்தகம் அவற்றுக்கு மாற்று அல்ல. இரவில் பதினைந்து நிமிடம் வீட்டார் செய்யக்கூடிய ஒரு வேலை, அவ்வளவே.

ஆனால் ஒரு மாலை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். படிக்கத் தொடங்கி ஐந்தாறு மாதம் இருக்கும். எனக்குக் காய்ச்சல், படுத்துவிட்டேன். பேரன் ஸ்டேஷன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான், பார்த்தான், திரும்பிப் போனான். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியின் மடியில் ஃபைலை வைத்து, முதல் பக்கத்தில் விரலை ஊன்றி, "என்ன இது?" என்றான். தினமும் நான் கேட்கும் கேள்வி, என் குரலிலேயே. எனக்குப் படித்துச் சொல்லு என்பதற்கு அவனிடம் இருந்த சொல் அது. அவனாக இன்னொருவரைத் தேடிப்போய்ப் பேச்சைத் தொடங்கியது அதுதான் முதல் தடவை. "என்னங்க, கேட்டீங்களா?" என்று என் மனைவி அங்கிருந்து கத்தினாள். பிறகு என்னை மறந்துவிட்டாள். கீரை அப்படியே கிடந்தது. ஆறு ஸ்டேஷனுக்கும் அவள் தமிழில் கதை கட்டிச் சொல்வதைப் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

முடிவாக, அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். குழந்தை ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டவில்லை, பெயருக்குத் திரும்பவில்லை என்றால் "அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்" என்று தள்ளிப்போடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 1999-ல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டத்திலும், 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் வாங்கத் தயங்க வேண்டாம்; அது பள்ளியில் உதவி கேட்க வழி செய்யும்.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். நம் நூலகத்தில் தமிழ்ப் படப் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் என் போன்ற ஓய்வு பெற்றவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கலாம். முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். விழாக்களில் மைக் சத்தம் தாங்காத குழந்தைகள் ஒதுங்கி இருக்க ஓர் அறை திறந்து வைக்கலாம். அப்படிச் செய்தால் அந்தப் பெற்றோரும் பொங்கல் விழாவுக்கு வருவார்கள். வந்தவர்களிடம் "ஏன் இன்னும் பேசவில்லை?" என்று யாரும் கேட்க வேண்டாம். பிள்ளையிடம் ஒரு வார்த்தை தமிழில் சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணுங்கள்.